துணிக்கடைப் பெண்கள் உட்கார்ந்து சாப்பிட நேரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலைக்குப் போகிறவர்களின் மன அமைதி பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் அடிக்கடி கட்டுரைகள் வருகின்றன. மூச்சைக் கவனியுங்கள், சாப்பிடும்போது சாப்பாட்டில் மட்டும் மனதை வையுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். நான் மதுரையில் ஒரு துணிக்கடையில் பட்டுப் பிரிவில் பல வருடமாக வேலை பார்ப்பவள். எங்களைப் போன்றவர்கள் இதையெல்லாம் எந்த நேரத்தில் செய்வது என்றும் நீங்கள் எழுத வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்கு எங்களை நாலைந்து பேராகத்தான் அனுப்புவார்கள். மொட்டை மாடிக்குப் பக்கத்தில் சாப்பாட்டு அறை. படியேறிப் போய், கை கழுவ வரிசையில் நின்று, டப்பாவைத் திறந்து நாலு வாய் வைப்பதற்குள் அடுத்த செட் வந்து நிற்கும். ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்றால் அதுவும் இல்லை, நின்றுகொண்டே விழுங்க வேண்டியதுதான். அன்றைக்கு என்ன குழம்பு கொண்டுபோனேன் என்பது ராத்திரி டப்பா கழுவும்போதுதான் நினைவுக்கு வரும். கழிவறைக்கு அடிக்கடி போனால் சூப்பர்வைசர் முகம் மாறும் என்று தண்ணீர் குடிக்காமலே இருந்து நீர்க்கடுப்பில் தவிக்கும் பிள்ளைகள் எங்கள் தளத்திலேயே இருக்கிறார்கள். என்னோடு நிற்கும் அக்காவுக்குக் கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்துக் கிடக்கிறது.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது. கடை ஊழியரை நாலு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இடையில் ஒரு மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று அது சொல்கிறது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், விஜி என்பவர் முன்னே நிற்க, கழிவறைக்கும் உட்காரும் உரிமைக்கும் போராடினார்கள். கேரளம் 2018-ல் சட்டத்தைத் திருத்தியது. நம் சட்டமன்றமும் 2021-ல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை கட்டாயம் என்றது. எங்கள் கடையிலும் ஸ்டூல் வந்தது. உட்கார்ந்தால்தான் பிரச்சினை. கேமராவில் பார்த்துவிட்டு, "வாசலைப் பார்த்து நில்லுங்க" என்று போன் வந்துவிடும்.

மனதை ஒன்றில் நிறுத்துவது எங்களுக்குத் தெரியாத வித்தை இல்லை. மூன்று மணிக்குக் கூட்டம் குறையும். விரித்துப் போட்ட பட்டுச் சேலைகள் குவிந்து கிடக்கும். முந்தியைத் தேடி எடுத்து, கரையோடு கரை சேர்த்து, ஜரிகை முறியாமல் பழைய மடிப்பிலேயே உள்ளங்கையால் தடவி மடிக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் அடுத்த முறை விரிக்கும்போது கோடு விழுந்து நிற்கும். அதனால் அந்த நேரத்தில் மகளின் பள்ளிக் கட்டணம், குழுக் கடன் தவணை எதுவும் மனதுக்குள் வராது. நாலு சேலை அப்படி மடித்தாலே தலைபாரம் இறங்கிவிடும். அதை உட்கார்ந்து செய்ய விட்டால் போதும். வயிறாரச் சாப்பிட்டு, கால் நீட்டி, கொஞ்ச நேரம் கண்ணை மூடிவிட்டு வந்தால் வாடிக்கையாளரிடம் பேசும் பேச்சிலேயே வித்தியாசம் தெரியும். இதில் முதலாளிக்கு என்ன நஷ்டம்?

தொழிலாளர் துறை அலுவலர்கள் ஆய்வுக்கு வரும்போது ஸ்டூல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகாமல், மதியம் இரண்டு மணிக்குச் சாப்பாட்டு அறைக்கும் வர வேண்டும். பண்டிகை மாதத்தில் வர வேண்டும். மேலாளரை வெளியே நிறுத்திவிட்டு எங்களிடம் கேட்க வேண்டும். ஓய்வு நேரம் எவ்வளவு என்று ஊழியர் வாசலில் தமிழில் எழுதி ஒட்டச் சொல்ல வேண்டும்.

சேலை எடுக்க வருகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். நீங்கள் வரும்போது நாங்கள் உட்கார்ந்திருந்தால் அதை மரியாதைக் குறைவாக எண்ணி மேலாளரிடம் சொல்லாதீர்கள். கூப்பிடுங்கள், எழுந்து வருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு துணிக்கடை ஊழியர்,
மதுரை.