பாப்பாவுக்கு, கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில்

அன்புள்ள பாப்பா,

உன் தம்பி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் அவனைப் பிடித்துத் திட்டாதே. போன் போட்டால் "மீட்டிங்ல இருக்கேன்மா" என்கிறாய். ராத்திரி பத்து மணிக்கு என்ன மீட்டிங் என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை. எழுதினால் நடுவில் கட் பண்ண முடியாது பார், அதனால் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, சொன்னால் கேட்பதில்லை. தேவகோட்டை அத்தை வந்துவிட்டுப் போனாள், வழக்கமான பேச்சுதான், நான் பிடி கொடுக்கவில்லை. வியாபாரம் சுமார். அதெல்லாம் இருக்கட்டும்.

போன வாரம் நீ இருக்கிற பெங்களூரிலிருந்தே, உன்னை மாதிரி இன்டீரியர் டிசைனர் பெண் ஒருத்தி நம் ப்ளைவுட், ஹார்டுவேர் கடைக்கு வந்தாள். உன் வயசுதான் இருக்கும். இங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில், பழைய சாமான் கடையில் ஒரு பழைய கதவை நிலையோடு விலை பேசி முடித்துவிட்டு, அதற்குப் பித்தளைத் திருகு கேட்டு வந்திருந்தாள். நல்ல பர்மா தேக்கு, எந்த வீட்டை இடித்தார்களோ. எத்தனையாவது மாடிக்குப் போகணும், லிஃப்ட் எவ்வளவு உயரம், கதவு அதில் நுழையுமா என்று சும்மா கேட்டேன். அவள் போனை எடுத்து, கம்ப்யூட்டரில் வரைந்த ஒரு படம் காட்டினாள். அந்தக் கதவு சுவரில் சாய்ந்து நிற்கிறது, பக்கத்தில் ஒரு செடி, மேலிருந்து மஞ்சள் வெளிச்சம். படம் நன்றாகத்தான் இருந்தது. லிஃப்ட் மட்டும் அதில் இல்லை. நீயாக இருந்தால் முதலில் டேப்பை எடுத்திருப்பாய். எடுத்திருப்பாய்தானே?

அளவை நீயே எடு பாப்பா. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல எனக்கு அலுக்காது, கேட்க உனக்கு அலுக்கும், பரவாயில்லை. பில்டர் கொடுக்கும் ப்ளானில் பத்தடி என்று போட்டிருக்கும், பூச்சும் டைல்ஸும் ஏறின பிறகு அது பத்தடியாக இருக்காது. அதே சுவர் தரையோரம் ஒரு அளவு காட்டும், இடுப்பு உயரத்தில் ஒன்று, மேலே வேறொன்று. மூலைக்கு மூலை குறுக்கே டேப்பை இழுத்தால் ஒரு பக்கம் கூடும். இந்தப் பக்கம் மூன்றடி, அந்தப் பக்கம் நாலடி குறித்துவிட்டு, குறுக்கே அஞ்சடி வருகிறதா என்று கொத்தனார் பார்ப்பாரே, அதைப் பார். கம்ப்யூட்டரில் எல்லாச் சுவரும் நேராகத்தான் நிற்கும். ரெண்டு நூல், அதாவது கால் அங்குலம், விலகினால் நம்ம ஆசாரி ஒரு மரப்பட்டி அடித்துச் சமாளித்துவிடுவார், பேக்டரியில் வெட்டி பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் அலமாரிக்கு யார் சமாளிப்பது? பக்கவாட்டில் இடைவெளியை மூடுகிற ஃபில்லருக்கு இடம் விட்டே வரை. ஃபால்ஸ் சீலிங் வருமா, வந்தால் எத்தனை அங்குலம் இறங்கும் என்று கேட்டுவிட்டு லாஃப்ட் கதவைப் போடு. கட்டிலைப் போட்ட பிறகு பீரோ கதவு முழுசாகத் திறக்குமா என்று பார். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தவர்கள்தான் இந்த மாதிரி விஷயத்தில் மாட்டிக்கொண்டு நம் கடைக்கு வருகிறார்கள்.

ஒரு விஷயம் உங்கள் காலேஜில் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ப்ளைவுட் எட்டுக்கு நாலு. நாலடி அகலத்தை ரெண்டாக வகுந்தால் இருபத்து நாலு அங்குலம், ஆனால் ரம்பம் ஒரு நூல் தின்னும். அலமாரி ஆழத்தை இருபத்து மூன்றே முக்கால் என்று வைத்தால் ஒரு ஷீட்டில் ரெண்டு துண்டு கிடைக்கும். இருபத்தஞ்சு என்று வைத்தால் ஒன்றுதான், மீதி வீண். அங்குலத்துக்கும் கொஞ்சம் கூடுதல்தான் வித்தியாசம், வீடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் எத்தனை ஷீட் கூடும் என்று கணக்குப் போடு. படம் வரைகிற ஆள் அந்தக் காசை யார் பையிலிருந்து எடுக்கிறோம் என்று யோசிப்பதே இல்லை. எங்களுக்கு நல்லதுதான், கூட நாலு ஷீட் போகும். இருந்தாலும் சொல்கிறேன்.

உன் படங்களைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. நீ செய்த அந்த ஹால் படத்தை அப்பா பேங்க்கிலும் காட்டினார், டீக்கடையிலும் காட்டினார், கோயில் குருக்களிடம்கூடக் காட்டியிருக்கிறார். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் என்று நீ படம் வரைகிற சாஃப்ட்வேர் பேரெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் நம்ம ஆசாரி அதைப் பார்த்துவிட்டு என்ன கேட்டார் ஞாபகம் இருக்கிறதா? "ஷட்டர் எந்தப் பக்கம் திறக்குது? கீல் முழு ஓவர்லேயா, பாதியா?" கதவுப் பலகை பெட்டி ஓரத்தை முழுசாக மூடுமா, பாதிதானா என்று கேட்டார், உனக்குக் கோபம் வந்தது. படம் வீட்டுக்காரருக்கு, ஆசாரிக்கு வேண்டியது வெட்டுத்தோற்றமும் அளவும் எந்த இடத்தில் டிராயர் ஓடுகிற எந்தச் சேனல் என்பதும். ரெண்டையும் சரியாகச் செய்கிற ஆள் குறைவு, நீ செய்வாய். அந்தப் பிடிவாதம் உனக்கு உண்டு, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, உன் அப்பா வழியில் யாருக்கும் கிடையாது.

சாப்பிடுகிறாயா? அறையில் சமைக்கிறாயா, வெளியில்தானா?

சரக்கைத் தொட்டுப் பார்த்து வாங்கு. கடையில் எல்லாமே "வாட்டர் ப்ரூப்"தான், கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், நானும் சொல்ல மாட்டேன். ஷீட்டின் முத்திரையில் இருக்கிற தர எண்ணைப் பார். ஐஎஸ் 303 என்றால் ஒன்று, ஐஎஸ் 710 என்றால் வேறு. 710 என்பது 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கிற சரக்கு. சிங்க்குக்குக் கீழே அதைப் போடு, போட்டாலும் வெட்டின ஓரத்தை மூடாமல் விட்டால் தண்ணீர் அந்த வழியில்தான் ஏறும். முன்பக்கம் மட்டும் மைக்கா என்கிற லேமினேட் ஷீட்டை ஒட்டி உள்பக்கத்தை வெறுமனே விடச் சொல்வார்கள், காசு மிச்சம் என்று. கதவு வளைந்துவிடும். ரெண்டு பக்கமும் ஒட்ட வேண்டும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு மெட்ராஸ் சித்தப்பா வீட்டு அடுப்படியைப் பார்த்தாயே, கீழ்ப்பெட்டி எல்லாம் ஊறிப்போன பிஸ்கட் மாதிரி. அந்த வீட்டுக்குச் சரக்கு எங்கே வாங்கினார்கள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை, நம் கடையில் இல்லை, அவ்வளவுதான்.

ஆத்தங்குடி தரைக்கல்லும் அப்படித்தான். அது சூளையில் சுட்டது இல்லை, கண்ணாடிமேல் சாயச் சிமெண்டை ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது, ஒரு கல் போல் இன்னொரு கல் இருக்காது. இதை வாடிக்கையாளரிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் போட்டுவிட்டு, கடைசியில் வேலை முடிந்ததும் ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டு, நிறம் போய்விட்டது என்று இங்கே போன் போடுகிறார்கள்.

நிறம் என்றதும் ஞாபகம் வருகிறது. பட்டுப்புடவை எடுக்கப் போனால் நான் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்ப்பேன், உனக்கு மானம் போகும். மைக்காவுக்கும் அதேதான். கடையின் வெள்ளை லைட் 6500 கெல்வின், நீ வீட்டில் போடப்போவது 3000, மஞ்சள் லைட். கடையில் சாம்பலாகத் தெரிந்தது அங்கே போய் அழுக்கு மஞ்சளாக நிற்கும். மைக்கா மாதிரித் துண்டை வீட்டுக்கே எடுத்துப்போய், பகலில் ஒரு தடவை, விளக்குப் போட்டு ஒரு தடவை பார்க்கச் சொல்.

எல்லாவற்றுக்கும் முன்னால் காது வேண்டும். வருகிறவர்கள் "சிம்பிளா இருந்தா போதும்" என்பார்கள், அதற்கு ஆளுக்கு ஒரு அர்த்தம். அடுப்படியில் யார் நிற்கப்போகிறார்கள் என்று கேள். பணம் கொடுக்கிற ஆள் உட்கார்ந்து பேசுவார், சமைக்கிற ஆள் காபி போட உள்ளே போய்விடுவார், அவரைக் கூப்பிட்டு வைத்துப் பேசு. மேடை 34 அங்குலம் என்று கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள், சின்ன அத்தை உயரத்துக்கு அது தோள் வலிதான். முழங்கையை மடக்கச் சொல்லி அதற்கு நாலைந்து அங்குலம் கீழே பார். வெட்கிரைண்டர் எங்கே நிற்கும், இட்லிப் பானை எந்த டிராயரில் போகும், இருபத்தஞ்சு கிலோ அரிசி மூட்டை எங்கே? வெளிநாட்டுப் படத்தில் இருக்கிற டிராயரில் நம் தோசைக்கல் படுக்கவும் செய்யாது, நிற்கவும் செய்யாது.

உன் கம்பெனியில் டிசைனர் என்று பேர்தான், மாசம் எத்தனை ஆர்டர் முடித்தாய் என்பதுதான் கணக்கு என்று ஒரு தடவை சொன்னாய். அதற்குப் பிறகு அதைப் பற்றி நீ பேசவில்லை. பேசாததால் நான் கேட்கவில்லை. விற்பது கேவலம் இல்லை பாப்பா, ஆணியும் மைக்காவும் விற்றுத்தான் உன்னைப் படிக்கவைத்தோம். ஆனால் ஒரு வீட்டுக்கும் நேரில் போகாமல், அளவு தெரியாமல், இத்தனை லட்சம் ஆகும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவது விற்பது இல்லை, அது வேறு. அந்த வேலையில் உனக்கு மனசு ஒட்டவில்லை என்றால் அது உன் குறை இல்லை. ஒட்டுகிறது என்றால் சந்தோஷம். ஏதோ ஒன்று சொல்.

பணம் பேசக் கற்றுக்கொள். உனக்கு அதில் கூச்சம், சின்ன வயசிலிருந்தே மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்க மாட்டாய். தனியாகச் செய்தாலும் சரி, கம்பெனிக்காகச் செய்தாலும் சரி, என்னென்ன வேலை, என்ன சரக்கு, எத்தனை சதுர அடி, என்ன விலை, எல்லாம் பேப்பரில் இருக்க வேண்டும். நடுவில் மாற்றினால் அதையும் எழுதி வாங்கு, "சொன்னேனே" என்பது பேச்சில் நிற்காது. 18 சதவீத ஜிஎஸ்டியைக் கடைசியில் சொல்லாதே, முதலிலேயே சொல். அட்வான்ஸ் வராமல் சரக்கு எடுக்காதே. சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டிய நாள், அன்றைக்கு உன் கையில் பணம் இல்லை என்றால் திங்கட்கிழமை சைட்டில் ஆள் இல்லை. மாசக் கடைசியில் கை வறண்டு போவது யாருக்கும் நடக்கும். அதை யாரிடம் கேட்பது, யாரிடம் கேட்காமல் இருப்பது என்றுதான் யோசிக்க வேண்டும், வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது சின்னவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது. பொதுவாகச் சொல்கிறேன்.

இந்தி எந்த மட்டில் இருக்கிறது? அங்கே கார்பெண்டர்கள் பாதிப்பேர் ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், இங்கேயே அப்படி ஆகிவிட்டது. பெண் பிள்ளை நின்று சொன்னால் காதில் வாங்காத மாதிரி இருப்பார்கள். கத்தாதே. தப்பாக வெட்டின துண்டை எடுத்து டேப்பை வைத்துக் காட்டு, அடுத்த தடவை உன்னைக் கேட்டுவிட்டுத்தான் வெட்டுவார்கள். நான் இந்தக் கடையில் உட்கார்ந்த புதிதில் அப்படித்தான் செய்தேன், "அண்ணன் இல்லையா" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார்கள்.

தேவகோட்டை அத்தை, இதற்கெல்லாம் ஒரு படிப்பா என்றுதான் இப்போதும் கேட்கிறாள். ஆர்க்கிடெக்ட் என்று பேர் போட்டுக்கொள்ள 1972ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது, கவுன்சிலில் பதிய வேண்டும். இன்டீரியர் டிசைனர் என்று நாளைக்கே நான்கூடப் போர்டு மாட்டலாம், யாரும் கேட்க முடியாது. அதனால் நீ முடித்துக் கொடுத்த வீடுதான் உனக்குச் சர்டிபிகேட். முடித்த ஒவ்வொரு வேலையையும் போட்டோ எடுத்து வை, வேலைக்கு முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, குடி வந்த பிறகு ஒன்று. கம்பெனியை விட்டு வந்தாலும் அது உன்னோடு வரும். விட்டு வந்தால் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

இன்னொரு விஷயம். கோட்டையூரில் அந்தப் பெரிய வீட்டுக்காரர்கள் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறார்கள். ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது, சக்கர நாற்காலி. குளியலறை பின்கட்டில், போகிற வழியெல்லாம் நிலைப்படி. ஆச்சி படுக்கிற அறையை ஒட்டியே ஒரு குளியலறை வேண்டும், ஆனால் நடுமுற்ற வளவைத் தொடக் கூடாது, தூணைத் தொடக் கூடாது. கதவு 90 சென்டிமீட்டராவது வேண்டும், உள்ளே நாற்காலி திரும்ப 150 வேண்டும் என்று நீ எப்போதோ சொன்னதை வைத்து நான் பேசினேன், அவர்கள் என்னையே டிசைனர் என்று நினைத்துவிட்டார்கள். பழைய சுவர், பூச்சைத் தாண்டிச் செங்கலில் பிடித்தால்தான் கைப்பிடி நிற்கும், அதற்கு யோசிக்கிற ஆள் வேண்டும். உங்க பொண்ணு இதே வேலைதானே என்று கேட்டார்கள். அவள் பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறாள், நேரமே இருக்காது என்று சொல்லி வைத்தேன். அப்படித்தானே சொல்ல வேண்டும்?

தை பிறந்துதான் வேலை தொடங்குகிறார்கள். வேறு யாருடைய நம்பரையும் நான் இன்னும் கொடுக்கவில்லை.

அம்மா