வெள்ளவத்தைக் கால்வாய்க்கரை நடைபாதைக்குள் மோட்டார் சைக்கிள்கள் நுழைவதை நிறுத்தித் தருமாறு கோரும் மனு

கால்வாய்க்கரைப் பாதைகளின் பராமரிப்புக்குப் பொறுப்பான பிரதம பொறியியலாளர் அவர்கட்கு,

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

இவ்விடயம் தொடர்பாக முன்னர் எழுத்துமூலம் கையளித்த முறைப்பாடுகளுக்கு இதுவரை பதில் கிடைக்காமையால், தங்களின் மேலான கவனத்திற்கு இம்மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம். காலி வீதிப் பாலத்தடியில் தொடங்கிக் கால்வாயை ஒட்டிச் செல்லும் பாதையைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். ஆகவே இடத்தை விவரிக்காமல் நேரே விடயத்துக்கு வருகிறோம்.

1. பாதையின் வாயிலில் பொருத்தியுள்ள வளைவு இரும்புத் தடுப்பு, தடுக்க வேண்டியவர்களை விட்டுவிட்டு, வர வேண்டியவர்களைத் தடுக்கிறது. கம்பிகளுக்கு இடையே 70 சென்ரிமீற்றரும் இல்லை. மோட்டார் சைக்கிள்காரர் ஹாண்டிலைச் சரித்து நுழைந்துவிடுகிறார். சக்கர நாற்காலியைச் சரிக்க முடியுமா? இரட்டைக் குழந்தை வண்டியைச் சரிக்க முடியுமா? தடுப்புக்கு அருகே வடிகான் மேல் கிடக்கும் கொங்கிறீற் மூடியோ இன்னும் வசதியான வழி. அதன்மேல் ஏறி ஏறி மூடி நடுவில் வெடித்து, துருப்பிடித்த கம்பி இரண்டு மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது. செருப்புக் காலோடு வரும் பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் உள்ளே வருகிறார்கள்.

காலையில் பாடசாலை தொடங்கும் முன்னரும், பிற்பகல் 1.30க்குப் பாடசாலை விட்ட பின்னரும், மாலையில் காலி வீதி நெரிசலில் நிற்கும்போதும் இப்பாதை ஒரு குறுக்கு வீதி ஆகிவிடுகிறது. மாரா மரத்தடி வளைவில் முன்னால் 15 மீற்றருக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகம் என்றால் செக்கனுக்கு 11 மீற்றர். ஓட்டுபவர் ஆளைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள் அந்தத் தூரம் முடிந்துவிடும். விலகி நிற்கவும் இடமில்லை: ஒரு பக்கம் மதில், மறு பக்கம் கால்வாய். கைபிடிக் கம்பி இருக்கும் இடத்தில் அதோடு ஒட்டிக்கொள்ளலாம். இல்லாத இடத்தில் தண்ணீர்தான்.

2. இதற்குத் தீர்வு பெரிய செலவு அல்ல. வளைவுத் தடுப்பைக் கழற்றிவிட்டு, 3 மீற்றர் பாதையை வாயிலில் மட்டும் இருபுறமும் கரைக்கல் வைத்து 2.5 மீற்றராகக் குறுக்கி, நடுவே 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரேயொரு கம்பம் நடுங்கள். இரு பக்கமும் 1.17 மீற்றர் இடைவெளி வரும். ஓட்டோவின் அகலம் ஏறக்குறைய 1.3 மீற்றர் என்பதால் அது நுழையாது. சக்கர நாற்காலிக்கு 90 சென்ரிமீற்றர் போதும். பாதையைக் குறுக்காமல் கம்பத்தை மட்டும் நட்டால் இடைவெளி 1.4 மீற்றரைத் தாண்டிவிடும், ஓட்டோ தாராளமாக வரும். இரண்டு கம்பம் நட்டால் எதிரெதிரே வரும் சைக்கிள்கள் இரண்டும் நடு இடைவெளியையே பிடிக்கும், மோதும். கம்பம் இடுப்பளவு உயரமாக, ஒளி தெறிக்கும் பட்டி ஒட்டியதாக, பூட்டிக் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அவசர அம்பியூலன்ஸ் வந்தால் திறக்க, சாவியொன்று பக்கத்திலேயே பொறுப்பான ஒருவரிடம் இருக்க வேண்டும்.

இந்தக் கம்பத்தால் மோட்டார் சைக்கிளை நிறுத்த முடியாது என்பதும் எங்களுக்குத் தெரியும். சக்கர நாற்காலி போகும் இடைவெளியில் மோட்டார் சைக்கிளும் போகும். உலகில் எந்த வாயிலிலும் இதே கதைதான். அதனால்தான் மேற்சொன்ன மூன்று வேளைகளிலும் போக்குவரத்துப் பொலிசாரை நிறுத்தத் தாங்கள் எழுத்துமூலம் கோர வேண்டும் என்றும், இலக்கத் தகடு தெரியும் உயரத்தில் வாயிலில் ஒரு கமரா பொருத்த வேண்டும் என்றும் கேட்கிறோம். வெடித்த கான் மூடியை மாற்றும்போது, அந்த வழியை முழங்கால் உயரச் சுவரால் அடைத்தும் விடுங்கள்.

3. இன்டர்லொக் கற்கள் அமிழ்ந்துள்ளன. 60 மில்லிமீற்றர் கல் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் போதும், மண் அள்ளும் பெக்கோ இயந்திரத்துக்குப் போதாது. கால்வாய் துப்புரவுக்கு இயந்திரம் ஏறியதில் ஓரக்கல் உடைந்து, மழையில் அடிமணல் கழுவிப் போய்விட்டது. மேலே மண்ணைக் கொட்டி மட்டப்படுத்துவது அடுத்த மழை வரைக்கும்தான். கற்களைக் கிளப்பி, சதுப்பு மண்மேல் வடிதுணி (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரித்து, 15 சென்ரிமீற்றர் சரளையை இறுக்கி, 3 சென்ரிமீற்றர் மணலில் மீண்டும் பதித்து, ஓரத்தைக் கொங்கிறீற்றால் கட்ட வேண்டும். இயந்திரம் ஏறும் இடங்களில் 80 மில்லிமீற்றர் கல் வேண்டும்.

4. கால்வாயிலிருந்து அள்ளும் ஆகாயத்தாமரையையும் சல்வீனியா என்ற நீர்க்களையையும் பாதையிலேயே குவித்துவிட்டுப் போகிறார்கள். அழுகினால் வழுக்கும். அள்ளிய அன்றே அகற்றச் சொல்லுங்கள்.

5. நடப்பவரும் சைக்கிளில் வருபவரும் பாதையைப் பகிர்வதில் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை. இடதுபுறம் செல்லவும், முந்தும் முன் மணி அடிக்கவும், நடப்பவருக்கு வழி விடவும் என்று மும்மொழியிலும் பலகை வையுங்கள். பெரும்பாலானோர் தாமாகவே அப்படித்தான் நடக்கிறார்கள்.

6. மீண்டும் முதலாவது விடயம்தான். மற்றவை எல்லாம் ஒரு மாதம் பிந்தினாலும் பொறுப்போம். வளைவில் ஒரு பிள்ளை அடிபட்ட பிறகு தடுப்பை மாற்றுவதா? ஒரு கம்பம், இருபுறமும் நாலு கரைக்கல், ஒரு கான் மூடி, ஒரு கமரா, பொலிசாருக்கு ஒரு கடிதம். இதற்கு எத்தனை கையொப்பம் வேண்டும்? பொது இடங்களுக்கு மாற்றுத்திறனாளிகள் தடையின்றிச் செல்ல வழி செய்யும் ஒழுங்குவிதிகள் 2006 இலேயே வந்துவிட்டன. பொதுப் பணத்தில் போட்ட இந்தப் பாதையின் வாயிலில் ஒரு சக்கர நாற்காலி இன்னும் திரும்பிப் போகிறது, அதே நிமிடத்தில் மோட்டார் சைக்கிள் உள்ளே போகிறது. ஐயா, தயவுசெய்து ஒரு நாள் மாலை 5.30க்கு வந்து அந்த வளைவில் பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

ஆகவே, வாயில் வேலையை எந்தத் திகதியில் தொடங்குவீர்கள் என்பதைத் தமிழில், எழுத்துமூலம் அறியத்தருமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். இதற்கும் பதில் வராவிடின், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இதே கேள்வியை விண்ணப்பமாகத் தங்கள் தகவல் அலுவலரிடம் கையளிப்போம். அவர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டியிருக்கும். அதற்கு முன்னரே தாங்கள் கம்பத்தை நட்டுவிட வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
கால்வாய்க்கரைப் பாதையைப் பயன்படுத்தும் குடியிருப்பாளர்கள்,
கொழும்பு 06.

இணைப்பு: வாயிலின் அளவுப்படம், கான் மூடியின் புகைப்படங்கள், கையொப்பத் தாள்கள்.