மாசிப் பனியும் மாம்பூவும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஒரு வாரமாகப் போடிநாயக்கனூர்ப் பக்கம் வானம் ஒரு நிலையில் இல்லை. முதல் மூன்று நாள் தெளிந்த வானம், விடியற்காலையில் நடுக்கும் குளிர், புல் நுனியெல்லாம் பனி. நான்காம் நாள் காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கியது. மேகம் வந்து மலையில் கட்டிக்கொள்ள, இரவுக் குளிர் போய்ப் புழுக்கம் வந்தது. மறுநாள் மாலை ஒரு மழை. பிறகு இரண்டு நாள், மலையடிவாரத்து முந்தல் கிராமத்தில் நின்று பார்த்தால் எதிரே மலையே தெரியாத மூடுபனி. நேற்று சுள்ளென்று வெயில். இத்தனைக்கும் உங்கள் நாளிதழின் வானிலைப் பகுதியில் எங்கள் மாவட்டத்துக்குக் கிடைத்தது ஒரு வரி: 'லேசான மழைக்கு வாய்ப்பு.'

நகரத்தில் குடை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய அந்த ஒரு வரி போதும். மலையடிவாரத்து மாந்தோப்புக்குப் போதாது. தை கடைசியும் மாசி முதலும் இங்கே மா பூத்திருக்கும் காலம். ஒரே மரத்தில் ஒரு கிளையில் மொட்டு, இன்னொன்றில் விரிந்த பூ, மற்றொன்றில் கடுகுப் பிஞ்சு என்று மூன்றும் இருக்கும். ஆண்டு முழுவதற்குமான வருமானம் இந்தச் சில வாரங்களில்தான் முடிவாகிறது. இப்படி வானம் மாறி மாறி வரும் வாரத்தில்தான் தவறான மருந்தும் அதிகம் அடிக்கப்படுகிறது. ஆகவே இங்கே என்ன நடக்கிறது, என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை விளக்கி, முடிவில் ஒரு வேண்டுகோளையும் வைக்கிறோம்.

தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துக்கொள்வதால் எங்களுக்கு மழை தருவது பெரும்பாலும் கிழக்குக் காற்றுதான். வடகிழக்குப் பருவமழை தையில் விடைபெற்ற பிறகும், குமரிக்கடல் பக்கமோ இலங்கைக்குத் தெற்கிலோ காற்றழுத்தம் தாழ்ந்தால் ஈரக்காற்று மறுபடி உள்ளே நுழைகிறது. சமவெளியில் வெறும் மேகமாகக் கடந்து போவது, இங்கே மலைச்சரிவில் மோதி மேலேறி மழையாகிறது. வானம் தெளிந்த இரவுகளில் கதை வேறு. சரிவில் குளிர்ந்த காற்று கனத்துக் கீழிறங்கி, ஓடைகள் வழியாக வந்து பள்ளத்துத் தோப்புகளில் தேங்கி நிற்கும். மேட்டுத் தோப்பில் ஏழரை மணிக்குக் காய்ந்துவிடும் பனி, கொட்டகுடி ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் ஒன்பது மணி வரை சொட்டிக்கொண்டிருப்பது இதனால்தான். 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று பெரியவர்கள் சொன்னதை மாம்பூவுக்கும் பொருத்தமாகவே எடுத்துக்கொள்ளலாம். நோய் முதலில் தலைகாட்டுவது இந்தப் பள்ளத் தோப்புகளில், அதிலும் வெயில் படாத உள்கிளைகளில். தோப்பைப் பார்க்கப் போகிறவர்கள் சாலையோர மரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது.

எப்படிப் பார்ப்பது? காலையில் பனி காய்ந்ததும் ஒரு பூங்கொத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே லேசாகப் பிடித்து உருவிப் பாருங்கள். விரலில் மாவு போல வெள்ளைத் தூள் ஒட்டினால் அது சாம்பல் நோய். விரல் பிசுபிசுத்தால் அது, பூவின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சி வடித்த தேன் போன்ற கழிவு. ஒன்றும் ஒட்டாமல், காம்பில் மட்டும் குண்டூசித் தலை அளவில் கரும்புள்ளிகள் இருந்து, தேய்த்தாலும் போகவில்லை என்றால் அது ஆந்த்ரக்னோஸ் என்னும் கருகல் நோய். தேய்த்தால் அழிகிற கறுப்பு, தேனின் மேல் வளர்ந்த கரும்பூசணம். நான்குக்கும் மருந்து வேறு, அவை வரும் வானிலையும் வேறு. உரக்கடையில் போய் 'பூ கருகுது, மருந்து கொடுங்க' என்று மட்டும் சொன்னால் நான்குக்கும் சேர்த்து ஒரு மூட்டை மருந்து கைக்கு வரும்.

சாம்பல் நோய்க்கு மழை தேவையில்லை என்பது பலருக்குத் தெரியவில்லை. குளிர்ந்த இரவு, வெதுவெதுப்பான பகல், காற்றில் ஈரம், மூடிய வானம் இருந்தால் போதும். கொத்தின் நுனியில் தொடங்கி கீழே இறங்கும். சில நாட்களில் பூக்கள் பழுப்பாகி உதிர்ந்து, கொத்து வெறும் விளக்குமாற்றுக் குச்சியாக நிற்கும். பலத்த மழை இந்தப் பூஞ்சணத்தின் வித்துகளைக் கழுவிவிடும். மழைக்குப் பிந்தைய மூடுபனி நாட்கள்தான் ஆபத்தானவை. இதற்கு நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம். 200 லிட்டர் டிரம்முக்கு 400 கிராம். தூளை நேரே டிரம்மில் கொட்டினால் கட்டி கட்டியாக மிதந்து பிறகு அடியில் தங்கும். முதல் பத்து மரத்துக்கு வெறும் தண்ணீரும் கடைசி மரத்துக்குச் சேறும் போய்ச் சேரும். ஒரு வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, துணியில் வடிகட்டி ஊற்றி, அடித்து முடிக்கும் வரை ஒருவர் கம்பால் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வளர்ந்த மரத்துக்குப் பத்து முதல் பதினைந்து லிட்டர் கரைசல் பிடிக்கும். வெளிச்சுற்றை மட்டும் நனைத்துவிட்டு நகர்ந்தால் நோய் உள்ளேயே தங்கிவிடும்.

கந்தகம் வராமல் தடுக்கும், வந்து பரவியதை ஆற்றாது. வெள்ளை நன்றாகப் படர்ந்துவிட்ட தோப்பில் ஹெக்சகோனசோல் என்ற பூஞ்சணமருந்து லிட்டருக்கு 1 மி.லி. என்று போவதே சரி. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நேரத்தில் கந்தகம் அடித்தால் பூவும் இளம் பிஞ்சும் கருகும். நேற்று போல வெயில் திடீரென்று திரும்பும் நாளில் உச்சிப்பொழுதில் கந்தகம் அடித்துவிட்டு, பிறகு கருகலைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று மறுபடியும் அடிக்கிறவர்கள் உண்டு. வேப்பெண்ணெய் அடித்த மரத்துக்கு இரண்டு வாரமாவது இடைவெளி விட்டுத்தான் கந்தகம் அடிக்க வேண்டும். இரண்டையும் ஒரே டிரம்மில் கலப்பது கண்ணை மூடிக்கொண்டு பூவைச் சுடுவதற்குச் சமம்.

கருகல் நோய் இதற்கு நேர்மாறு. அதற்கு நீர் வேண்டும். கொத்து மணிக்கணக்கில் நனைந்தே இருந்தால்தான் வித்து முளைத்து உள்ளே இறங்கும். மழை பெய்து மறுநாளும் மூடுபனியாக இருந்த இந்த வாரம் அதற்கு ஏற்ற வாரம். காம்பில் புள்ளிகள் தோன்றி ஒன்றோடொன்று சேர்ந்து கொத்தே கறுத்துவிடும். கார்பென்டாசிம் லிட்டருக்கு 1 கிராம், அல்லது மேன்கோசெப் லிட்டருக்கு 2 கிராம். மழை விட்டு, கொத்து காய்ந்தபின் அடிக்க வேண்டும். நனைந்த கொத்தின் மேல் அடித்தால் மருந்து நீர்த்து வழிந்துவிடும். அடித்து நான்கைந்து மணி நேரத்துக்குள் மழை வந்துவிட்டால், கந்தகமும் மேன்கோசெப்பும் மேலே படிந்து நிற்பவை என்பதால் பெருமளவு போய்விடும். கார்பென்டாசிம் திசுவுக்குள் ஊடுருவுவதால் ஓரளவு தங்கும். எனவே மழை வந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக மறுநாளே திருப்பி அடிக்காமல், எந்த மருந்து அடித்தோம் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

தத்துப்பூச்சிக்கு வருவோம். அது மிகுந்த தோப்பில் பகலில் நுழைந்தாலே இலைகளில் தூறல் விழுவது போலச் சடசடவென்று சத்தம் கேட்கும். கொத்தின் கீழே வெள்ளைத் துணியைப் பிடித்துத் தட்டினால் ஆப்பு வடிவில் சிறு பூச்சிகள் பக்கவாட்டில் தாவும். கொத்துக்கு நான்கைந்துக்கு மேல் இருந்தால்தான் மருந்து. அதை அடிக்க வேண்டிய நேரம் கொத்து நீளத் தொடங்கும்போது. தேவைப்பட்டால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. பூ விரிந்திருக்கும் நாட்களில் பூச்சிமருந்து கூடவே கூடாது. மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பவை பெரும்பாலும் ஈக்கள், அடுத்து தேனீக்கள். ஏற்கனவே குளிரும் மழையும் இந்த வாரம் அவற்றை வரவிடவில்லை. வெயில் திரும்பி அவை பூவுக்கு வரும் முதல் நாளில் மருந்தடித்துக் கொன்றுவிட்டு, பிஞ்சு பிடிக்கவில்லை என்று வருந்திப் பயனில்லை. பூ விரிந்த நிலையில் பூஞ்சணத்துக்கு மருந்து தவிர்க்க முடியாது என்றால் மாலை நான்கு மணிக்கு மேல் அடியுங்கள். இலையில் கரும்பூசணம் படர்ந்திருந்தால், ஒரு கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் காய்ச்சி 20 லிட்டராக்கித் தெளிக்கலாம். வெயிலில் அது காய்ந்து அப்பளம் போல உரியும்போது பூசணத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழும். மேகமூட்ட நாளில் இதைச் செய்யக் கூடாது. காயாத மைதா மேலும் பூசணத்துக்கே தீனியாகும்.

மழை பெய்ததும் நடக்கும் இன்னொரு தவறு, ஈரம் இருக்கிறதே என்று யூரியா வைப்பது. பூக்கும் மரத்துக்கு இப்போது ஈரமும் தழைச்சத்தும் சேர்ந்து கிடைத்தால் கொத்துக்கு நடுவே செங்கொழுந்து கிளம்பும். கொழுந்து இழுக்கும் சத்தில் பிஞ்சு உதிரும். உரமும் வேண்டாம், பாசனமும் வேண்டாம். சொட்டுநீர் வால்வை மூடி வையுங்கள். பிஞ்சு பட்டாணி அளவு வந்தபிறகு தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். அந்தப் பருவத்தில் உதிர்வைக் குறைக்க என்.ஏ.ஏ. என்ற வளர்ச்சி ஊக்கி 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) அளவில் தெளிப்பது வழக்கம். கடையில் கிடைக்கும் 4.5 சதவீதக் கரைசல் என்றால் பத்து லிட்டருக்கு சுமார் 4.5 மி.லி. மட்டுமே. கூடுதலாக ஊற்றினால் அதே மருந்து பிஞ்சை உதிர்க்கும். இன்னும் பூக்காமல் முற்றிய இலையோடு நிற்கும் மரத்துக்குப் பொட்டாசியம் நைட்ரேட் லிட்டருக்கு 10 கிராம் தெளித்துப் பார்க்கலாம். கொழுந்து வந்துவிட்ட மரத்துக்கு அதனால் பயனில்லை.

தரையில் பூ கொட்டிக் கிடப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கில் பூக்கள். அறுவடை வரை நிற்பது ஒன்றோ இரண்டோதான். இந்தப் பதற்றத்தில்தான் பூச்சிமருந்து, பூஞ்சணமருந்து, நுண்ணூட்டம், ஊக்கி எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் கலந்து அடிக்கிறார்கள்.

உதிர்ந்த சருகைக் கூட்டித் தோப்பிலேயே தீ வைப்பதும் இப்போது நடக்கிறது. புகை போட்டால் பூச்சி ஓடும் என்று நம்புகிறார்கள். இந்த ஈரம் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். மலையில் புல் ஏற்கனவே காய்ந்தே நிற்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணி மலைத் தீயில் உயிர்கள் போனது இதே மலையில்தான். சருகை மரத்தடியில் மூடாக்காகப் போட்டுவிடுங்கள்.

இனி வேண்டுகோள். இந்திய வானிலைத் துறையும் வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து வாரத்தில் செவ்வாய், வெள்ளி இரு நாளும் மாவட்டவாரியாக வேளாண் வானிலை அறிவிப்பைத் தமிழிலேயே வெளியிடுகின்றன. அடுத்த ஐந்து நாளுக்கான மழை, மேகமூட்டம், காலை மாலை ஈரப்பதம், காற்றின் வேகம், திசை எல்லாம் அதில் இருக்கின்றன. செல்பேசியில் மேகதூத் செயலியில் பார்க்கலாம்தான். ஆனால் எங்கள் பக்கம் தோப்பைப் பார்த்துக்கொள்பவர்களில் பலர் வயதானவர்கள். அவர்கள் காலையில் டீக்கடையில் கையில் எடுப்பது உங்கள் நாளிதழைத்தான். மார்கழி முதல் பங்குனி வரையிலாவது, புதன், சனிக் கிழமைகளில் உங்கள் மாவட்டப் பக்கத்தில் நான்கு விரற்கடை இடம் ஒதுக்கி அந்த அறிவிப்பின் தேனி மாவட்டப் பகுதியை அப்படியே அச்சிடுங்கள். அதிகபட்ச வெப்பநிலையோடு குறைந்தபட்ச வெப்பநிலையும் காலை ஈரப்பதமும் தினமும் வரட்டும். பூக்காலத்தில் எங்களுக்கு வேண்டியவை அந்த இரண்டு எண்கள். மருந்து பற்றிய குறிப்புகளை வெளியிடும்போது, மருந்தின் பெயரோடு அளவையும், எந்தப் பருவத்தில், என்ன வானிலையில் அடிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

மாம்பூ பங்குனி வரை நிற்காது. இந்த ஆண்டே தொடங்கினால் பின்பூவுக்காவது உதவும்.

இப்படிக்கு,
மலையடிவார மா விவசாயிகள்,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.