சாக் சொல்லாமல் விட்ட நன்றி

1954-ல் அமெரிக்கப் பள்ளிகளில் போலியோ ஊசிக்குக் கை நீட்டிய பிள்ளைகளுக்கு,

வணக்கம். உங்களுக்கு எண்பதை ஒட்டிய வயது இருக்கும்; பிள்ளைகள் என்று கூப்பிடுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கிராம சுகாதாரச் செவிலியர். ஆறு வாரக் குழந்தையின் வலது கையில் நான் போடும் ஐபிவி என்ற போலியோ தடுப்பூசி, பிட்ஸ்பர்க்கில் ஜோனஸ் சாக் உருவாக்கிய ஊசியின் வழி வந்தது.

1955 ஏப்ரல் 12 அன்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், உங்களிடம் நடந்த ஊசிச் சோதனையின் முடிவை, அதை வழிநடத்திய தாமஸ் பிரான்சிஸ் அறிவித்தார். அறிக்கையைக் கைப்பற்ற நிருபர்கள் முண்டியடித்தார்கள். ஊர்களில் தேவாலய மணிகள் ஒலித்தன. அன்று மேடையேறிய சாக் பலருக்கு நன்றி சொன்னார். தன் ஆய்வகத்தில் கூடவே உழைத்த ஜூலியஸ் யங்னர் போன்றவர்களின் பெயர்களைச் சொல்லவில்லை. யங்னருக்கு அந்த மனக்குறை பல ஆண்டுகள் ஆறவில்லை. எனக்கும் அது ஆறாத விஷயம்தான், ஆனால் என் மனம் போவது உங்களிடம்.

ஊசி போட்டதும் அழும் குழந்தையிடம், "அவ்ளோதான் கண்ணு, இனி நோய் வராது" என்பேன். உங்களில் சுமார் 2 லட்சம் பேரிடம் யாரும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. மூன்று முறை குத்து வாங்கினீர்கள். உள்ளே போனதோ, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்த மருந்தில்லாத வெறும் திரவம். புட்டியில் குறியீட்டு எண் மட்டும்தான், ஊசி போட்டவருக்கே எது எதுவென்று தெரியாது. 'போலியோ முன்னோடி' பேட்ஜ் மட்டும் எல்லாருக்கும் ஒன்றே.

மருந்து போட்ட 2 லட்சம் பேரில் 33 பேருக்கு வாதம் வந்தது. வெறும் திரவம் வாங்கிய உங்களில் 115 பேருக்கு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் ஊசியை நம்பினார்கள். அந்த 115 பேரில் யாராவது இதைப் படித்தால், இந்த மடலின் முதல் நன்றி உங்களுக்கு.

பட்டியல் எழுதிக் கைவலித்த வகுப்பாசிரியர்களுக்கும் நன்றி. உங்கள் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்க, அமெரிக்காவின் டஸ்கீகி கல்வி நிறுவனத்தில் ஏராளமாக மனிதச் செல்களை வளர்த்து அனுப்பிய கறுப்பினப் பணியாளர்களுக்கும். அந்த செல்கள் 1951-ல் புற்றுநோயில் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸ் அம்மாவுடையவை. எடுத்தவர்கள் அவரிடம் கேட்கவே இல்லை. ஊசிக்கான கிருமியை வளர்க்கச் சிறுநீரகம் தந்த, இந்தியாவிலிருந்து விமானமேறிய ரீசஸ் குரங்குகளுக்கு யாரிடம் சொல்லி நன்றி கூறுவது?

நாளை புதன், தடுப்பூசி நாள். ஐஸ் பேக் உறைந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கிராம சுகாதாரச் செவிலியர்