பழைய பேஸ் கிட்டார் வாங்கப்போகும் மகளுக்கு

பாப்பா,

நீ அனுப்பிய ஐந்து படங்களையும் பார்த்தேன். ஐந்திலும் பளபளவென்று முன்பக்கம் மட்டும்தான். விற்கிறவர் அப்படித்தான் எடுப்பார். நீ கேட்டு வாங்க வேண்டியவை வேறு மூன்று: கம்பிகளை முறுக்குகிற தலைப்பக்கம், அதாவது ஹெட்ஸ்டாக் பக்கம் நின்று ஒற்றைக் கண்ணால் கழுத்தின், அதாவது நெக்கின், நீளத்துக்குப் பார்க்கிற கோணத்தில் ஒன்று, நெக் உடலோடு சேருகிற இடம் ஒன்று, முதுகுப்பக்கம் ஒன்று. அவர் போனில் வாசித்து அனுப்பியதாகச் சொன்னாயே, அந்த ஒலியை நம்பாதே. இருப்பதிலேயே தடித்த ஈ கம்பி நொடிக்கு 41 தடவைதான் அதிரும். அவ்வளவு அடித்தொனி போன் ஸ்பீக்கருக்கு எட்டாது. நேரில் போய் ஒலிபெருக்கியில், அதான் ஆம்பில், மாட்டிக் கேள்.

அதற்குள், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பிக்கப்பில் எதை மாற்றலாம் என்று பட்டியலே போட்டுவிட்டாய். பேஸ் இன்னும் கைக்கே வரவில்லையடி! உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என்னுடையது வீட்டுக்கு வந்தபோது உனக்கு ஆறு வயது. "மீதி ரெண்டு கம்பி எங்கேம்மா?" என்று கேட்டாய். பேஸுக்கு நாலே கம்பி என்று தெரியாமல், அறுந்துபோய்த்தான் மலிவாகக் கொடுத்தார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாய்.

வந்த அன்றைக்கே அதன் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. நெக்கின் குறுக்கே ஓடுகிற உலோகக் கோடுகளான ஃப்ரெட்டுகளில் முதல் நாலைந்தில் எங்கே அழுத்தினாலும் கரகரப்பு. பிக்கப்தான் மட்டமென்று நானே தீர்மானித்து, புதிதாக ஒரு ஜோடி வரவழைத்தேன். ஒன்று குழிக்குள் இறங்கவே இல்லை. என்னுடையது ஜாஸ் பேஸ் வகை, அதில் நெக் பக்கத்துப் பிக்கப், கம்பிகளின் அடிமுனையைத் தாங்குகிற பிரிட்ஜ் பக்கத்ததைவிடச் சில மில்லிமீட்டர் குட்டை. அது தெரியாமல் இரண்டையும் நீளமானதாக வாங்கியிருந்தேன். (சில மலிவு மாடல்களில் இரண்டுமே ஒரே நீளம். ஆகவே ஸ்கேல் வைத்து அளக்காமல் எதையும் வாங்காதே. நீ பார்த்திருப்பது பிரிசிஷன் வகை. 1957இல் வந்த அந்த இரண்டு துண்டுப் பிக்கப்பின் வடிவம் இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை, உனக்கு இந்தத் தொல்லை குறைவு.) ஒன்றை மாற்றி வாங்கி, சால்டர் வைத்து, கம்பி மாட்டி ஆசையாக வாசித்தால் அதே கரகரப்பு. புதுப் பிக்கப்பில் இன்னும் தெளிவாகக் கேட்டது.

கோளாறு நெக்கில் இருந்தது. நாலு கம்பியும் சேர்ந்து நெக்கை ஏறத்தாழ எழுபது, எண்பது கிலோ விசையோடு முன்பக்கம் இழுக்கின்றன. அதை எதிர்த்து நிற்பது உள்ளே ஓடுகிற ட்ரஸ் ராடு என்கிற இரும்புத் தண்டு. அதை யாரோ அளவுக்கு மீறி முறுக்கிவிட்டிருந்தார்கள். நெக் பின்பக்கம் வளைந்து, கம்பி முதல் ஃப்ரெட்டுகளின் மேல் படுத்துக்கிடந்தது.

நீ வாங்கினதும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். டியூன் செய்துவிட்டு, ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும் கடைசி ஃப்ரெட்டில் இன்னொரு கையாலும் அழுத்து. எட்டாவது ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு உரசாமல் நுழைய வேண்டும், கிட்டத்தட்ட 0.3 மில்லிமீட்டர். இடைவெளியே இல்லையென்றால் ராடைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் தளர்த்து. இடைவெளி அதிகமாக இருந்தால் கடிகாரத் திசையில் இறுக்கு, அதற்கு முன் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாதே. திரும்ப டியூன் செய்து பார், மறுநாள் இன்னொரு தடவை பார், மரம் மெதுவாகத்தான் வழிக்கு வரும்.

ராடைத் திருப்புகிற ஆறுமூலைச் சாவி, அதான் ஆலன் கீ, கச்சிதமாகப் பொருந்த வேண்டும். அங்குலக் கணக்கில் செய்த ராடில் மில்லிமீட்டர் கீயைச் செருகித் திருப்பினேன், கொஞ்சம் ஆட்டம் இருந்தது, போகட்டும் என்று அழுத்தினேன். கைக்குள் 'நறுக்'கென்று ஒரு வழுக்கல். ராடு அசையவில்லை, அறுகோணக் குழியின் மூலைகள்தான் மழுங்கின. முகம் வியர்த்துவிட்டது. நல்லவேளை, சரியான கீ மிச்சமிருந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டது. நேரில் பார்க்கப் போகும்போது அந்தக் குழியை டார்ச் அடித்துப் பார். மழுங்கியிருந்தாலும், ராடு ஏற்கெனவே கடைசிவரை முறுக்கப்பட்டிருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வா. நெக் முறுக்கிக்கொண்டிருந்தாலும் அப்படியே. மற்றது எல்லாம் சரிசெய்யக்கூடியதுதான். வால்யூம் குமிழைத் திருப்பினால் வருகிற கரகரப்புக்கு ஒரு சொட்டு கான்டாக்ட் கிளீனர் போதும், ஆனால் விலை பேசும்போது அதைச் சொல்லிக்காட்ட மறக்காதே.

நெக் சரியான பிறகுதான் பிரிட்ஜ். பிரிட்ஜில் கம்பி உட்காருகிற சேடிலை ஏற்றி இறக்கி, 12ஆவது ஃப்ரெட்டில் கம்பி இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும்படி வை. பிறகு அதே ஃப்ரெட்டுக்கு நேரே கம்பியை லேசாகத் தொட்டு ஹார்மோனிக் என்கிற மெல்லிய மணிச்சுரம் எடு, அப்புறம் அழுத்தி வாசி. டியூனரில் இரண்டும் ஒன்றாகக் காட்ட வேண்டும். அழுத்தின சுரம் ஏறிக் காட்டினால் சேடிலைப் பின்னுக்குத் தள்ளு, இறங்கினால் முன்னுக்கு. இதைப் புதுக் கம்பி மாட்டித்தான் செய்ய வேண்டும், செத்த கம்பியில் சுரம் சேரவே சேராது.

கம்பியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்ட் மாட்டினால் பளீரென்று பேசும், தட்டை நாடா சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் அடக்கமாக உருண்டு வரும். பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் தன் பிரிசிஷனில் ஃப்ளாட்வவுண்டைப் போட்டு, அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்பார்கள். உனக்கு எது பிடிக்குமென்று நான் சொல்ல முடியாது. ஆனால் பிக்கப்புக்கு ஒதுக்கிய பணத்தில் சிறு பங்கில் இரண்டையும் வாங்கிப் பார்த்துவிடலாம்.

அடுத்தது உறுமல். ஆம்பைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று ஒன்று கேட்கும். கம்பியில் கை வைத்ததும் அடங்கினால் எர்த் வயர் சரி, வெளி இரைச்சலைத் தடுக்கிற மறைப்புதான் உள்ளே போதவில்லை. கை வைத்ததும் கூடினால் எர்த்தில் எங்கோ கோளாறு, முதலில் அதைத் தேடு. என்னுடையது முதல் ரகம். குமிழ்களின் குழியையும் பிக்கப் குழிகளையும் செப்பு நாடாவால் உள்பக்கம் முழுக்க ஒட்டினேன். ஒட்டுகிற பசையும் மின்சாரம் கடத்துகிற வகையாகப் பார்த்து வாங்க வேண்டும், இல்லையென்றால் துண்டுக்குத் துண்டு தொடர்பு இருக்காது. கடைசியில் அந்தச் செம்பை எர்த்தோடு சேர்த்துவிட வேண்டும். டார்ச் பிடித்தவள் நீதான், ஒன்பது வயது. நாடாவின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், தொடாதே என்று நான் சொல்லி முடிப்பதற்குள் உன் கட்டைவிரல் கீறியிருந்தது. நீ அழவில்லை, குழிக்குள் ரத்தம் சொட்டிவிட்டதா என்றுதான் எட்டிப்பார்த்தாய்.

சால்டரிங்கில் ஒன்றே ஒன்று. குமிழின் முதுகில் எர்த் வயரை ஒட்டும்போது அந்த உலோகமே சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். பலவீனமான அயர்னை வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுத்தினால் உள்ளே கருகிவிடும். முதுகைக் கொஞ்சம் சுரண்டி, சூடான அயர்னால் சட்டென்று முடி. கிட்டாரின் முகத்தில் பழந்துணி போட்டு மூடிக்கொள். என் பேஸில் பட்டாணி அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறதே, அது ஈயம் சொட்டின இடம்.

கனமான பிரிட்ஜ் மாட்டினால் நாதம் நீளும் என்பார்கள். மாட்டினேன், என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை, தோள்பட்டைக்குத் தெரிந்தது. ஹெட்ஸ்டாக் கீழே சரிந்துகொண்டே இருந்தால் கம்பி முறுக்குகிற முளைகளை எடை குறைந்தவையாக மாற்று, அது நிஜமாகவே உதவும்.

பட்டியலைக் கிழித்துவிடாதே. ஒரு மாதம் வாசித்த பிறகும் என்ன குறை என்று ஒரு வாக்கியத்தில் உன்னால் சொல்ல முடிந்தால், நானே பிக்கப் வாங்கித் தருகிறேன். கழற்றினதைத் தூக்கிப் போடாமல் வைத்திரு. என் பழைய ஜோடி இன்னும் மேசை டிராயரில்தான் கிடக்கிறது. அதில் ஒரு குறையுமில்லை என்று எட்டு வருஷம் கழித்து மாட்டிப் பார்த்தபோது தெரிந்தது.

அந்த மூன்று படங்களை அனுப்பு. ட்ரஸ் ராடு அங்குலமா மில்லிமீட்டரா என்றும் கேட்டுச் சொல். என்னிடம் இரண்டு ரகக் கீயும் இருக்கிறது, உனக்கு வேண்டியதைக் கூரியரில் போடுகிறேன்.

அம்மா