காகிதத்தையும் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தரங்கம்பாடி அச்சகம் பற்றிய கட்டுரை படித்தேன். ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க், 1712-இல் கப்பலில் வந்த அச்சு இயந்திரம், ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் என்று எல்லாம் இருந்தன. காகிதம் பற்றி ஒரு வரி இல்லை. வாழ்நாளெல்லாம் ஈய எழுத்துக் கோத்தவன் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது.

அந்தக் கதையைத் திருப்பியதே காகிதத் தட்டுப்பாடுதான். ஹாலேயிலிருந்து வந்த எழுத்துகள் உருவில் பெரியவை. புதிய ஏற்பாடு முழுவதையும் அவற்றில் அடித்தால் கையிருப்புக் காகிதம் தாங்காது. அதனால்தான் பக்கத்துப் பொறையாற்றில் சிறிய எழுத்து வார்த்தார்கள். ஈயத்துக்கு எங்கே போனார்கள் தெரியுமா? இங்கிலாந்திலிருந்து வந்த சீஸ் டப்பாக்களின் ஈய மூடியை உருக்கினார்கள்! 1715-இல் புதிய ஏற்பாடு முடிந்தது. பொறையாற்றிலேயே ஒரு காகித ஆலையும் வைத்தார்கள். கட்டுரையாளர் எழுத்து வார்த்ததைச் சொல்கிறார். எதற்காக வார்த்தார்கள் என்பதை விட்டுவிட்டார்.

ஐரோப்பாவில் அன்று காகிதம் என்றால் கந்தல் துணிதான். ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, கம்பிச் சல்லடையில் ஏந்தி, கம்பளிமேல் கவிழ்த்துப் பிழிந்து, தாள் தாளாக உலர்த்துவார்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சல்லடைக் கம்பியின் வரிகள் தெரியும். சிலவற்றில் ஆலையின் நீர்க்குறியும், அதாவது தாளுக்குள்ளேயே படிந்த ஆலையின் அடையாளமும், தெரியும். அச்சேற்றும் முன் தாளை நனைத்து அடுக்கிவைப்பது வழக்கம். காய்ந்த தாள் விறைப்பாக இருக்கும், மை சரியாகப் பிடிக்காது. ஈரத்தில் நார் இளகினால் எழுத்து நன்றாகப் பதிந்து உட்காரும். பின்பக்கம் தடவினால் விரலில் தட்டும். ட்ரெடில் என்ற சிறிய அச்சு இயந்திரத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்த காலத்தில் அப்படிப் புடைத்தால் முதலாளியிடம் திட்டு விழும். இப்போது அந்தப் புடைப்புக்கே தனிக்காசு வாங்குகிறார்களாம்.

கந்தல் காகிதம் முந்நூறு வருடம் கழித்தும் ஒடியாமல் மடங்குகிறது. நூறு வருடம்கூட ஆகாத எத்தனையோ தமிழ்ப் புத்தகங்கள் தொட்டாலே பொடியாகின்றன. மரக்கூழும், மை ஊறாமலிருக்கச் சேர்த்த படிகாரமும் செய்த வேலை அது. அமிலம் உள்ளிருந்தே அரிக்கிறது.

பழைய நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுகிறார்கள். நல்ல காரியம், நானே அடிக்கடி பார்க்கிறேன். ஆனால் அதில் எழுத்து வருகிறது, தாள் வருவதில்லை. ஆண்டு போடாத நூலின் காலத்தைக் கணிக்க நீர்க்குறியும் ஒரு சாட்சி. பழைய நூல் ஒவ்வொன்றிலும் ஒரு தாளையாவது பின்னாலிருந்து வெளிச்சம் விட்டுப் படமெடுத்து, தாளின் அளவையும் குறித்துவைத்தால் என்ன? பெரிய செலவில்லை. ஸ்கேன்தான் ஆயிற்றே என்று மூலப் பிரதியைப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பாமலிருப்பதும் முக்கியம்.

அப்புறம், பொறையாற்று ஆலையைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள்.

ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்,
கும்பகோணம்.