முன்னால் நடந்தவனுக்கு

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது.

நீ என்னோடு பேசி மூன்று வாரம் ஆகிறது. பயிற்சியில் ஓய்வே இல்லை என்று தங்கை சொன்னாள். அவளோடு பேச மட்டும் நேரம் கிடைக்கிறது. போகட்டும். வழி தவறியவர்களைத் தேடிப் போகும் குழுவில் உன்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சிறு வயதிலிருந்தே இருட்டில் நிதானம் இழக்காத பிள்ளை நீ. உன்னைவிடத் தகுதியான ஒருவன் அவர்களுக்குக் கிடைத்திருக்க மாட்டான்.

அடுத்த வாரம் இரவு முழுவதும் நடக்கும் பயிற்சி என்றாளே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் கண்ணுக்கு நேரம் கொடு. வெளிச்சத்திலிருந்து வந்ததும் நடக்கத் தொடங்காதே. முதல் பத்து நிமிடத்தில் ஏதோ தெரிவது போல இருக்கும். அதை நம்பிக் கிளம்பிவிடுகிறவர்கள் பலர். அந்தப் பத்து நிமிடம் பகல் பார்வைக்கான கூம்பு செல்களுடையது. இருட்டில் உதவுகிற கோல் செல்கள் நிதானமானவை, அவற்றுக்கு அரைமணி நேரமாவது வேண்டும். யாராவது முகத்தில் டார்ச் அடித்துவிட்டால் காத்திருந்தது அத்தனையும் வீணாகிவிடும். அப்படி வெளிச்சம் வரும்போது ஒரு கண்ணை இறுக மூடிக்கொள், அந்தக் கண்ணாவது பழகிய இருட்டோடு இருக்கும். மங்கிய சிவப்பு விளக்கு கண்ணை அதிகம் கெடுக்காது. ஆனால் வரைபடத்தில் சிவப்பு மையில் போட்டிருக்கும் குறிகள் அந்த வெளிச்சத்தில் மறைந்துபோகும். பகலிலேயே அவற்றின் மேல் கறுப்பு மையால் எழுதி வை.

அந்த அரைமணி நேரத்தில் எனக்காக ஒன்று செய். பக்கத்தில் நிற்பவருக்கு மரத்தின் விளிம்பு எப்போது தெரிகிறது, உனக்கு எப்போது தெரிகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து எனக்கு எழுது. மறந்துவிடாதே.

எதையும் நேராக உற்றுப் பார்க்காதே. பார்வையின் நடுப்புள்ளியில் கோல் செல்களே இல்லை. அதனால் இருட்டில் நேராகப் பார்க்கும் பொருள் கரைந்துபோகும், சற்றுத் தள்ளிப் பார்த்தால் அதுவே வெளிப்படும். ஒரு பாறை தெரிய வேண்டுமானால் அதன் பக்கவாட்டில் பார். ஒரே இடத்திலும் பார்வையை நிறுத்தாதே. தூரத்தில் ஒற்றை விளக்கு எரிந்தால் அதையே பார்த்துக்கொண்டு நடக்க வேண்டாம். சுற்றிலும் வேறொன்றும் தெரியாதபோது, அசையாத விளக்கும் நகர்வது போலத் தோன்றும்.

காலை வழக்கத்தைவிட உயர்த்தி வை. பாரத்தை உடனே மாற்றாதே. பாதத்தால் தரையைத் தொட்டு, அது தாங்குமா என்று தெரிந்த பிறகுதான் உடம்பு முன்னே போக வேண்டும். பகலில் போகும் வேகத்தில் பாதி போதும். விளக்கு ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் நெற்றியில் கட்டாமல் இடுப்பளவில் பிடி. நெற்றி விளக்கு நிழல்களை விழுங்கிவிடும், பள்ளமும் சமதரையும் ஒன்றாகவே தெரியும். தாழ்ந்த விளக்கில் ஒவ்வொரு கல்லுக்கும் நிழல் நீளும். நிலா வரும் என்று நம்பியிருந்தால் முந்தைய நாள் எப்போது உதித்தது என்று பார்த்துக்கொள், சராசரியாக நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளித்தான் வரும்.

மறுபடியும் சொல்கிறேன், அரைமணி நேரம் காத்திரு. காத்திருந்தும் மற்றவர்களுக்குத் தெரிவது உனக்குத் தெரியவில்லை என்றால், நடக்காதே. அங்கேயே நில், சொல்லிவிடு.

நீ விழுந்தது எனக்குத் தெரியும். மற்ற ஐந்து பேரும் தாண்டிப் போன பள்ளத்தில் நீ மட்டும் கால் வைத்தாய் என்றும், பயிற்றுநர் கவனம் போதாது என்று கடிந்துகொண்டார் என்றும் தங்கை சொல்லிவிட்டாள். அவளைக் கோபிக்காதே. ஏன் என்னிடம் மறைத்தாய் என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். அதைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

தோட்டத்துப் பின்பாதை நினைவிருக்கிறதா? விளக்கில்லாமல் உன்னை முன்னால் நடக்கவிட்டு, உன் தோளில் கை வைத்து நான் பின்னால் வருவேன். "நீ வழி காட்டு, அப்போதுதான் பழகுவாய்" என்பேன். உனக்கு அப்போது எட்டு வயது. பிள்ளைக்கு எவ்வளவு தைரியமாகச் சொல்லித் தருகிறாள் என்று உன் அப்பாகூட என்னை மெச்சுவார். எனக்கு அந்தப் பாதை தெரியவில்லை. அந்தி சாய்ந்தால் எனக்கு எதுவும் தெரியாது. உன் தோள் உயர்ந்தால் மேடு, தாழ்ந்தால் பள்ளம். அப்படித்தான் உன் பின்னால் நடந்தேன். பாதத்தால் தரையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேனே, அதுவும் அந்த ஆண்டுகளில் எனக்காக நான் கண்டுபிடித்துக்கொண்டதுதான்.

தாத்தா கடைசிக் காலத்தில் சுவரைத் தடவிக்கொண்டு நடந்ததை வயதின் தளர்ச்சி என்றே உங்களிடம் சொன்னோம். மாமா ஏன் வேலையை விட்டார் என்று நீ கேட்டபோதும் மழுப்பினேன். மூவருக்கும் ஒன்றுதான். ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்று பெயர். கோல் செல்கள்தான் முதலில் அழியும். இரவுப் பார்வை போகும், பிறகு பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். சத்துக் குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு வைட்டமின் ஏ கொடுத்தால் சரியாகிவிடும், இது அப்படிக் கேட்காது. நம் குடும்பத்தில் இருக்கும் வகை ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வர வாய்ப்புள்ளது என்று மருத்துவர் சொன்னபோது உனக்குப் பன்னிரண்டு வயது. உன்னையும் தங்கையையும் அழைத்து வரச் சொன்னார். நான் அழைத்துப் போகவில்லை. இருட்டில் நீ நடப்பதைப் பார்த்து, உனக்கு ஒன்றும் இல்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். சிலருக்கு இது வளர்ந்த பிறகுதான் வெளிப்படும் என்று தெரிந்தும் வாய் திறக்கவில்லை. மாமா அந்த நாளிலிருந்து என்னோடு பேசாததற்குக் காரணமும் அதுதான்.

பள்ளத்தில் யார் வேண்டுமானாலும் விழலாம். உனக்கு இது இல்லாமலே இருக்கலாம். ஆனாலும் அந்த இரவுப் பயிற்சிக்கு முன்னால் விழித்திரை மருத்துவரைப் பார். சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்ப்பார்கள், பக்கவாட்டுப் பார்வை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று அளப்பார்கள், விழித்திரை ஒளிக்கு எப்படி இயங்குகிறது என்று மின்பதிவு எடுப்பார்கள். எதிலும் வலி பெரிதாக இருக்காது. அதற்குள் பயிற்சிக்குக் கூப்பிட்டால் காரணத்தைச் சொல்லித் தள்ளிப்போடு. கயிற்றின் மறுமுனையில் இன்னொருவர் உயிர் இருக்கும்.

தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை. அவளையும் அழைத்துப் போக வேண்டும். அதை நானே செய்கிறேன், உன் தலையில் கட்ட மாட்டேன்.

என் மேல் கோபம் வந்தால் அதையாவது எழுது. பேசாமல் மட்டும் இருக்காதே. மருத்துவரைப் பார்க்கும் நாளைச் சொல், நானும் வருகிறேன். பகலில் வந்து சேரும் ரயிலாகப் பார்த்து டிக்கெட் எடுத்துக்கொள்கிறேன். நிலையத்துக்கு நீ வந்து நில்.

அம்மா